ஒரு மணி நேரத்தின் விலை: அமெரிக்க நகரங்களின் மின் சேமிப்பும் மின்கார்களும்

அமெரிக்காவில் ஒரு நகரம் சொந்தமாக நடத்தும் மின் நிறுவனத்தின் அறிவிப்புகளைப் புரட்டினால் இரண்டு வகையான வேண்டுகோள்கள் கண்ணில் படும். பழைய குளிர்சாதனப் பெட்டியைக் கொடுத்துவிடுங்கள், கூரைக்கு அடியில் வெப்பத் தடுப்புப் போடுங்கள், மின்சாரத்தைக் குறையுங்கள் என்பது ஒன்று. செய்தால் பணமும் தருவார்கள். பெட்ரோல் காரை விட்டுவிட்டு மின்கார் வாங்குங்கள், வீட்டிலேயே சார்ஜ் ஏற்றுங்கள் என்பது இன்னொன்று. அதற்கும் பணம் தருவார்கள்.

கணக்குப் பார்த்தால் இரண்டும் மோதுகின்றன. சராசரி அமெரிக்க வீடு ஆண்டுக்கு ஏறத்தாழ 10,500 யூனிட் மின்சாரம் செலவழிக்கிறது. மின்கார் ஒரு மைலுக்கு 0.3 யூனிட் எடுக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். ஆண்டுக்கு 12,000 மைல் ஓடினால் 3,600 யூனிட். அதாவது வீட்டுச் செலவில் மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. எல்.இ.டி. விளக்கும் ஜன்னல் இடுக்கு அடைப்பும் பல ஆண்டுகளில் மிச்சம் பிடித்ததைக் கார் வாங்கும் ஒரு கையெழுத்து கரைத்துவிடுகிறது. வாடிக்கையாளரிடம் குறைவாக வாங்கச் சொல்லிவிட்டு, பின்வாசல் வழியாகக் கூடுதலாக விற்கும் கடை இது என்று கேலி செய்பவர்கள் உண்டு.

கேலி மேலோட்டமானது. ஊருக்குச் சொந்தமான மின் நிறுவனம் எதற்குப் பணம் கட்டுகிறது, யாருக்குக் கட்டுகிறது என்று பில்லின் அடிவரை போய்ப் பார்த்தால், அங்கே ஆண்டு மொத்தத்தைவிடச் சில குறிப்பிட்ட மணி நேரங்கள்தான் பெரிதாகத் தெரியும். சேமிப்புத் திட்டமும் மின்கார்த் திட்டமும் ஒரே கூரையின்கீழ் இருப்பதற்கு அந்த மணி நேரங்கள்தான் காரணம்.

அமெரிக்காவில் இப்படி உள்ளூர் மக்களுக்குச் சொந்தமான மின் நிறுவனங்கள் சுமார் 2,000 இருக்கின்றன. ஏழு பேரில் ஒருவர் இவற்றிடம் மின்சாரம் வாங்குகிறார். லாஸ் ஏஞ்சலஸும் இந்தப் பட்டியலில் இருக்கிறது, சில ஆயிரம் பேர் வசிக்கும் அயோவா சிற்றூரும் இருக்கிறது. நெப்ராஸ்கா மாநிலத்தில் தனியார் பங்குதாரர்களின் மின் நிறுவனம் என்பதே கிடையாது. கட்டணத்தை நகர மன்றமோ, மக்கள் தேர்ந்தெடுத்த வாரியமோ தீர்மானிக்கும். தனியார் நிறுவனம் புதிதாக ஒரு மின் நிலையம் கட்டினால், ஒழுங்குமுறை ஆணையம் அனுமதித்த விகிதத்தில் அந்த முதலீட்டின்மீது லாபம் வரும். ஆகவே கட்டுவதில்தான் அதற்கு ருசி. நகர நிறுவனத்துக்கு அப்படியொரு ருசி இல்லை. கட்டாமல் தப்பித்தால் ஊருக்கே மிச்சம். இதைச் சில நகரங்கள் பட்டுத் தெரிந்துகொண்டன, சில படாமலே தெரிந்துகொண்டன.

கட்டாத மின் நிலையங்கள்

படாமல் தெரிந்துகொண்ட ஊர் சியாட்டில். 1970களில் வாஷிங்டன் மாநிலத்தின் பொது மின் அமைப்பு ஐந்து அணுமின் நிலையங்கள் கட்டத் திட்டமிட்டது. மின் தேவை ஆண்டுதோறும் ஏறிக்கொண்டே போகும் என்பது அன்றைய கணிப்பு. நான்காவது, ஐந்தாவது நிலையங்களில் பங்கெடுக்க சியாட்டில் நகரத்துக்கும் அழைப்பு வந்தது. நகர நிறுவனமான சியாட்டில் சிட்டி லைட், ‘எனர்ஜி 1990’ என்ற பெயரில் ஓர் ஆய்வு நடத்தியது. கணிப்பு ஊதிப் பெருக்கப்பட்டது, சேமிப்பாலேயே பெரும்பகுதியைச் சமாளிக்க முடியும் என்ற வாதம் நகர மன்றத்தில் வலுத்தது. 1976இல் மன்றம் பங்கு வேண்டாம் என்று வாக்களித்தது. அடுத்த ஆண்டே சேமிப்புத் திட்டங்கள் தொடங்கின.

பங்கெடுத்த 88 மின் நிறுவனங்களின் கதை வேறு. கட்டுமானச் செலவு கட்டுக்கடங்காமல் போய், அந்த இரண்டு நிலையங்களும் பாதியில் கைவிடப்பட்டன. ஒரு யூனிட்கூடத் தராத நிலையங்களுக்காக வாங்கிய 225 கோடி டாலர் கடன் பத்திரங்கள் 1983இல் திரும்பச் செலுத்தப்படாமல் நின்றன. அமெரிக்க உள்ளாட்சிக் கடன் வரலாற்றில் அதுவரை காணாத திவால் அது. இந்தத் தள்ளாட்டத்துக்கு நடுவே, 1980இல் வடமேற்கு மாநிலங்களுக்கென்று நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. புதிய மின் ஆதாரம் தேடும்போது முதலில் சேமிப்பைத்தான் பார்க்க வேண்டும், மற்ற ஆதாரங்களைவிடப் பத்து சதவீதம் செலவு கூடினாலும் சேமிப்புக்கே முன்னுரிமை என்றது அந்தச் சட்டம். சேமிப்பு, அறிவுரை நிலையிலிருந்து மின் நிலையங்களோடு போட்டியிடும் சரக்காக மாறியது அப்போதுதான்.

பட்டுத் தெரிந்துகொண்ட ஊர் கலிஃபோர்னியாவின் சாக்ரமெண்டோ. அங்குள்ள மக்கள் மின் நிறுவனமான எஸ்.எம்.யு.டி., ராஞ்சோ செகோ என்ற 913 மெகாவாட் அணுமின் நிலையத்தை 1975 முதல் நடத்தியது. நிலையம் அடிக்கடி படுத்தது, கட்டணம் ஏறியது. 1989 ஜூன் மாதம் நடந்த வாக்கெடுப்பில் சுமார் 53 சதவீதம் பேர் மூடச் சொன்னார்கள். மறுநாளே நிறுத்தும் வேலை தொடங்கிவிட்டது. தன் பெரிய மின் ஆதாரத்தை ஒரே நாளில் இழந்த நிறுவனத்தின் பொறுப்பை 1990இல் ஏற்றவர் எஸ். டேவிட் ஃப்ரீமன். மத்திய அரசின் மின் நிறுவனமான டென்னசி பள்ளத்தாக்கு ஆணையத்தின் தலைவராக இருந்தவர், சேமிப்பில் தீவிர நம்பிக்கை உள்ளவர். ஊர் முழுவதும் சிதறிக் கிடக்கும் சேமிப்பை ஒன்றுதிரட்டினால் அதுவே ஒரு மின் நிலையம் என்பது அவர் நிலைப்பாடு.

அதற்கு அவர்கள் கையில் எடுத்தவை மிகச் சாதாரணமானவை. வீட்டுப் பின்கட்டில் இரண்டாவதாக ஓடிக்கொண்டிருந்த பழைய குளிர்சாதனப் பெட்டிகளைப் பணம் கொடுத்து வாங்கி உடைத்தார்கள். 1970களின் நடுவில் தயாரான பெட்டி ஆண்டுக்குச் சுமார் 1,800 யூனிட் இழுக்கும். இன்றைய பெட்டிக்கு அதில் கால் பங்கு போதும். உள்ளூர் மர அறக்கட்டளையோடு சேர்ந்து, வெயில் விழும் பக்கமாகப் பார்த்து நிழல் மரக் கன்றுகளை இலவசமாக நடக் கொடுத்தார்கள். இந்தத் திட்டம் இன்றும் நடக்கிறது. 5 லட்சத்துக்கும் அதிகமான மரங்கள் கொடுக்கப்பட்டுள்ளன. மேற்குப் பக்க மரத்துக்கு இதில் தனி மதிப்பு உண்டு, ஏனென்றால் அது மாலை வெயிலை மறைக்கிறது. அறைக் குளிர்சாதனங்கள் முழு வேகத்தில் ஓடும் நேரமும் மாலைதான். எந்த மணி நேரம் என்ற கேள்வி மரம் நடும் இடத்திலேயே வந்துவிட்டது.

பெரிய நகரங்கள் மட்டும்தான் இதைச் செய்தன என்று நினைத்துவிடக் கூடாது. அயோவாவின் ஓசேஜ், நாலாயிரம் பேருக்கும் குறைவான ஊர். அந்த நகர மின் நிறுவனத்தின் மேலாளராக இருந்த வெஸ் பர்ட்சால் 1970களிலேயே அகச்சிவப்புக் கேமராவால் வீடுகளைப் படம் எடுத்து, வெப்பம் எந்த ஓட்டையில் வெளியேறுகிறது என்று வீட்டுக்காரர்களிடம் காட்டினார். வெந்நீர்க் கொதிகலனுக்குப் போர்வை கொடுத்தார். மின் தேவை மட்டுப்பட்டதால் புதிய இயந்திரம் வாங்க வேண்டியிருக்கவில்லை. கட்டணத்தையே பலமுறை குறைக்க முடிந்தது. அவர் வாதம் எளிமையானது: எரிபொருளுக்குக் கொடுக்கும் ஒவ்வொரு டாலரும் ஊரை விட்டுப் போகிற டாலர். மின்காருக்கு ஆதரவாக இன்று நகர நிறுவனங்கள் சொல்லும் வாதமும் ஏறத்தாழ இதுதான். பெட்ரோல் பங்கில் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி ஊரைத் தாண்டிப் போய்விடும். மின் கட்டணத்தின் ஒரு பகுதியாவது ஊர்க் கல்லாவில் தங்கும்.

வெர்மாண்டின் பர்லிங்டன் நகரம் 1990இல் வாக்கெடுப்பு நடத்தி, சேமிப்புக்கென்றே 1.13 கோடி டாலர் கடன் பத்திரம் வெளியிட்டது. மின் நிலையம் கட்டக் கடன் வாங்குவது எங்கும் நடக்கிறது. மின்சாரத்தைக் குறைக்கக் கடன் வாங்குவது அன்று புதுமை. பல ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, ஊர் வளர்ந்திருந்தும் அதன் மொத்த மின் பயன்பாடு 1989ஆம் ஆண்டு அளவுக்குக் கீழேயே இருந்தது. 2009 முதல் 2021 வரை அங்கே கட்டண உயர்வே இல்லை.

சேமிப்பு கையைக் கடிக்கும்போது

இதெல்லாம் கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் சேமிப்பு வெற்றி பெற்றால் விற்பனை குறையும். கம்பம், கம்பி, துணை மின் நிலையம், பழுது பார்க்கும் ஆட்கள், பழைய கடனின் தவணை எல்லாம் அப்படியே இருக்கும். இந்த நிலைச் செலவைக் குறைந்த யூனிட்களின்மீது பரப்பினால் யூனிட் விலை ஏறும். ‘நான் சேமித்தேன், நீ விலையை ஏற்றுகிறாயா?’ என்று நகர மன்றக் கூட்டத்தில் ஒருவர் எழுந்து கேட்பார். கேள்வியில் நியாயம் இருக்கிறது. யூனிட் விலை ஏறினாலும் மாத பில் தொகை குறைந்திருக்கலாம் என்பதுதான் சரியான பதில். ஆனால் கூட்டத்தில் அது எடுபடாது.

நகரத்தின் பொதுச் செலவும் இதில் சிக்கியிருக்கிறது. டெக்சாஸின் ஆஸ்டின் நகர மின் நிறுவனம் ஆண்டுக்கு 10 கோடி டாலருக்கு மேல் நகரப் பொது நிதிக்குக் கொடுக்கிறது. காவல், நூலகம், பூங்கா எல்லாம் அந்த நிதியில்தான் நடக்கின்றன. 1982 முதல் சேமிப்பில் முன்னோடியாக இருந்து, 700 மெகாவாட் மின் நிலையம் ஒன்றின் தேவையையே தவிர்த்ததாகச் சொல்லும் நகரம் அது. சேமிக்கச் சொல்லும் துறையின் வருமானத்தில்தான் நூலகம் ஓடுகிறது என்றால், மின்கார் என்ற புதிய வாடிக்கையாளர் வரும்போது நிதி அதிகாரியின் முகம் மலர்வதில் வியப்பில்லை. ஏற்கெனவே நிற்கும் கம்பங்கள் வழியாக, இரவில் சும்மா கிடக்கும் கம்பிகளில் கூடுதல் யூனிட் போனால், அதே நிலைச் செலவு அதிக யூனிட்களின்மீது பரவும். எல்லோருக்கும் விலை இறங்க வாய்ப்பு உண்டு. இரவில் என்ற சொல்லை மட்டும் இந்த வாக்கியத்திலிருந்து எடுத்துவிடக் கூடாது.

ஆறு மணிக்குச் செருகினால்

இந்தச் சொல்லின் எடை தெரிய வேண்டுமானால் நியூ இங்கிலாந்து மாநிலங்களைப் பார்க்க வேண்டும். மாசசூசெட்ஸில் 41 நகர மின் நிறுவனங்கள் இருக்கின்றன. இவை தங்களுக்குத் தேவையான மின்சாரத்தைப் பெரும்பாலும் வெளியிலிருந்து வாங்குகின்றன. வாங்கிய யூனிட்டுக்குப் பணம் கட்டுவது ஒரு பகுதி. மின் நிலையங்கள் தயாராக நிற்பதற்கென்று ‘திறன் கட்டணம்’ தனியாக உண்டு. இதில் ஒவ்வொரு ஊரின் பங்கையும் எப்படிப் பிரிக்கிறார்கள் என்பதுதான் விஷயம். வட்டாரம் முழுவதும் மின் தேவை உச்சத்தைத் தொட்ட ஒரே ஒரு மணி நேரத்தில் அந்த ஊர் எவ்வளவு இழுத்தது என்று பார்க்கிறார்கள். ஆண்டின் 8,760 மணி நேரத்தில் அந்த ஒரு மணி நேரம் வரப்போகும் ஓராண்டின் கட்டணத்தைத் தீர்மானிக்கிறது.

எண்ணில் சொன்னால் இன்னும் உறைக்கும். இந்தத் திறனுக்கான ஏல விலை 2018-19க்கு ஒரு கிலோவாட்டுக்கு மாதம் 9.55 டாலராக இருந்தது. வீட்டில் வைக்கும் 240 வோல்ட் சார்ஜர் சாதாரணமாக 7.2 கிலோவாட் இழுக்கும். அந்த உச்ச மணி நேரத்தில் ஒரு கார் செருகப்பட்டிருந்தால், 7.2ஐ 9.55ஆலும் பன்னிரண்டு மாதத்தாலும் பெருக்க வேண்டும். ஏறத்தாழ 825 டாலர். காரின் சொந்தக்காரர் அந்த ஒரு மணி நேரத்துக்கு ஊருக்குக் கட்டுவது ஏழு யூனிட்டுக்கான ஓரிரு டாலர்தான். மீதியை ஊர் முழுவதும், கார் இல்லாதவர் உட்பட, பங்கு போட்டுக் கட்டுகிறது. ஏல விலை 2023-24க்கு 2 டாலராகச் சரிந்தபோதும் கணக்கு 170 டாலரைத் தாண்டுகிறது. அதே கார் அதே ஏழு யூனிட்டை நள்ளிரவுக்குப் பின் ஏற்றியிருந்தால் இந்தக் கட்டணத்தில் ஒரு சென்ட்கூட அதன் கணக்கில் வந்திருக்காது.

உச்ச நேரம் எப்போது வருகிறது? முன்பெல்லாம் பிற்பகலில் வரும். கூரைமேல் சூரியத் தகடுகள் பெருகிய பிறகு பிற்பகல் தேவையை அவை தாங்கிக்கொள்ள, உச்சம் மாலைக்கு நகர்ந்துவிட்டது. 2025 ஜூன் 24 அன்று நியூ இங்கிலாந்தின் மின் தேவை 26,000 மெகாவாட்டைத் தாண்டியது. 2013க்குப் பிறகு அவ்வளவு உயரம் போனதில்லை. நேரம், மாலை 6 மணிக்கு மேல். வேலை முடிந்து வீட்டுக்கு வந்து, குளிர்சாதனத்தைப் போட்டு, அடுப்பைப் பற்றவைத்து, காரையும் செருகும் நேரம்.

அதனால்தான் வெப்ப அலை வரும் நாள்களில் சில ஊர்களின் மின் நிறுவனங்கள் முன்கூட்டியே செய்தி அனுப்புகின்றன: இன்று மாலை துணி துவைக்காதீர்கள், காரைச் செருகாதீர்கள். மாசசூசெட்ஸில் சுமார் எட்டாயிரம் பேர் வாழும் ஸ்டெர்லிங் என்ற ஊர் இன்னும் ஒருபடி போனது. 2016 இறுதியில் 2 மெகாவாட் மின்கல அமைப்பு ஒன்றை நிறுவி, உச்ச நேரம் என்று கணித்த வேளைகளில் அதிலிருந்து மின்சாரத்தை எடுத்தது. முதல் ஆண்டில் சுமார் 4 லட்சம் டாலர் மிச்சம். கணிப்பு ஒரு மணி நேரம் தவறினால் மிச்சத்தில் பெரும்பகுதி கைநழுவும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வானிலை அறிக்கையை இவ்வளவு பதற்றத்தோடு படிக்கும் மின் மேலாளர்கள் வேறு எங்கும் இருப்பார்களா என்று தெரியவில்லை.

கம்பத்தின் மேலே

வட்டாரக் கணக்கு ஒருபுறம் இருக்க, தெருவுக்குள் இன்னொரு கணக்கு ஓடுகிறது. அமெரிக்கக் குடியிருப்புத் தெருவில் கம்பத்தின் மேலே தொங்கும் சாம்பல் நிற உருளைதான் டிரான்ஸ்பார்மர். 25 கிலோவோல்ட்-ஆம்பியர் (ஏறத்தாழ 25 கிலோவாட்) அளவுள்ள ஓர் உருளை ஐந்தாறு வீடுகளைத் தாங்கும். எல்லா வீடும் ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் போடாது என்ற நம்பிக்கையில்தான் அதன் அளவு முடிவு செய்யப்பட்டது. இரண்டு வீட்டில் 7.2 கிலோவாட் சார்ஜர் ஒரே நேரத்தில் ஓடினால், பாதிக்கு மேல் அந்த இரண்டு கார்களுக்கே போய்விடும்.

அந்த உருளைக்குள் எண்ணெயும், எண்ணெயில் ஊறிய காகித உறையும் இருக்கின்றன. பகலில் சூடேறி இரவில் ஆறும். அந்த ஆறுதல் கிடைக்கும்வரை பல பத்தாண்டுகள் உழைக்கும். இரவு முழுவதும் கார்கள் சார்ஜ் ஏறினால் ஆற நேரமில்லை. காகிதம் முன்கூட்டியே நொறுங்குகிறது. மின்கார்கள் ஊர் முழுவதும் சீராகப் பரவுவதும் இல்லை. ஒருவர் வாங்கினால் பக்கத்து வீட்டுக்காரரும் வாங்குகிறார். சாக்ரமெண்டோவை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2017இல் வெளியானது. மின்கார்ச் சுமையால் 2030க்குள் சுமார் 12,000 டிரான்ஸ்பார்மர்களை, அதாவது மொத்தத்தில் 17 சதவீதத்தை, மாற்ற வேண்டி வரலாம் என்றும் ஒன்றுக்குச் சராசரியாக 7,400 டாலர் ஆகும் என்றும் அது மதிப்பிட்டது. 2021க்குப் பிறகு டிரான்ஸ்பார்மர் தட்டுப்பாடு வேறு சேர்ந்துகொண்டது. வாரக் கணக்கில் வந்துகொண்டிருந்த சரக்குக்கு ஓராண்டுக்கும் மேல் காத்திருக்க வேண்டியதாயிற்று.

இங்கே ஒரு சுவையான நடைமுறை இருக்கிறது. யார் வீட்டில் மின்கார் இருக்கிறது என்பது மின் நிறுவனத்துக்குத் தானாகத் தெரியாது. கார் விற்றவர் சொல்லமாட்டார். ஆகவே வீட்டு சார்ஜர் வாங்கினால் சில நூறு டாலர் தள்ளுபடி என்று அறிவிக்கிறார்கள். விண்ணப்பத்தில் முகவரி வந்துவிடுகிறது. எந்தக் கம்பத்தின்கீழ் எத்தனை கார்கள் என்ற வரைபடம் அப்படித்தான் உருவாகிறது. தள்ளுபடியைப் பசுமை ஆர்வம் என்று பாராட்டுகிறவர்களும் வீண்செலவு என்று திட்டுகிறவர்களும் இதைக் கவனிப்பதில்லை. என் கணிப்பில் அந்தத் தள்ளுபடியின் மிகப் பெரிய பயன் இந்தத் தகவல்தான்.

அடுத்த படி, விலையால் நேரத்தை நகர்த்துவது. சாக்ரமெண்டோவில் நள்ளிரவு முதல் காலை 6 மணிவரை மின்கார் வைத்திருப்போருக்கு யூனிட்டுக்கு 1.5 சென்ட் கழிவு. பர்லிங்டனில் இரவு 10 மணி முதல் மறுநாள் நண்பகல்வரை சார்ஜ் ஏற்றினால், ஒரு கேலன் பெட்ரோலை 60 சென்ட் அளவில் வாங்குவதற்குச் சமமாகும்படி கட்டணம் அமைக்கப்பட்டது. ஆஸ்டின் வேறு வழியில் போய்ப் பார்த்தது. பொது இடங்களில் உள்ள சார்ஜர்களை மாதம் 4.17 டாலர் கட்டினால் எவ்வளவு வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்றது. மின்காரை அறிமுகப்படுத்த அது அருமையான தூண்டில். ஆனால் மாலை ஆறு மணிக்கும் விடியற்காலை மூன்று மணிக்கும் ஒரே விலை என்றால், நேரத்தைப் பற்றி யாரும் எதையும் கற்றுக்கொள்ளப் போவதில்லை.

நேர விலையிலும் ஒரு கண்ணி உண்டு. பன்னிரண்டு மணிக்கு விலை இறங்கும் என்றால் எல்லாக் கார்களும் பன்னிரண்டு அடித்ததும் இழுக்கத் தொடங்கும். மாலை உச்சத்தைத் தவிர்க்கப் போய், தெரு டிரான்ஸ்பார்மரில் புதிதாக ஒரு நள்ளிரவு உச்சம் உருவாகிவிடும். இதனால்தான் நிறுவனங்கள் இப்போது தாங்களே கட்டுப்படுத்தும் சார்ஜிங் முறைக்கு நகர்கின்றன. காலை ஆறு மணிக்குள் நிரம்பியிருந்தால் போதும் என்று சொல்லிவிட்டு வீட்டுக்காரர் தூங்கப் போகலாம்; எந்தக் காரை எப்போது தொடங்குவது என்பதை நிறுவனம் வரிசைப்படுத்தும். தங்கள் கார்மீது இன்னொருவர் கை வைப்பதை எல்லோரும் விரும்புவதில்லை. ஊர் நிறுவனத்தின்மீது இருக்கும் நம்பிக்கை இங்கே காசாகிறது என்பது என் எண்ணம்.

அளவுகோல் மாறியது

இவ்வளவு நடந்தும், சேமிப்புத் துறையின் கணக்கேடு நீண்ட காலம் பழையபடியே இருந்தது. எத்தனை யூனிட் குறைந்தது என்பதே வெற்றியின் அளவு. ஒருவர் எரிவாயு வெப்பமூட்டியைத் தூக்கிவிட்டு மின் வெப்ப பம்பு வைத்தால் புகை குறைகிறது, ஆனால் யூனிட் கூடுகிறது. ஏட்டில் அது தோல்வி. மின்காருக்கும் அதே கதி. 2020இல் எஸ்.எம்.யு.டி. இந்த அளவுகோலையே மாற்றியது: இனி யூனிட்டுக்குப் பதிலாக, தவிர்க்கப்பட்ட கார்பனைக் கணக்கிடுவோம் என்றது. அமெரிக்காவில் அப்படிச் செய்த முதல் மின் நிறுவனம் அது. கார்பனைக் கணக்கிட வேண்டுமானால் எந்த மணி நேரத்தில் எந்த மின் நிலையம் ஓடுகிறது என்று பார்த்தாக வேண்டும். பழைய சேமிப்பு அலுவலரும் புதிய மின்கார் அலுவலரும் ஒரே அட்டவணையைப் பார்க்கும்படி ஆனது அந்த மாற்றத்தால்தான்.

இரண்டு வேலையும் ஒன்றுக்கொன்று இடம் கொடுக்கும் என்பதைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் லாஸ் ஏஞ்சலஸ் தெருவிளக்குக் கம்பத்தடிக்குப் போக வேண்டும். 2009 முதல் 2013 வரை அந்த நகரம் சுமார் 1,40,000 தெருவிளக்குகளை எல்.இ.டி.க்கு மாற்றியது. மின் செலவு 63 சதவீதம் குறைந்தது. பழைய சோடியம் விளக்குகளுக்காக இழுத்த கம்பிகள் அப்படியே இருக்க, அவற்றில் திறன் மிச்சமானது. அந்த மிச்சத்தைக்கொண்டு அதே கம்பங்களில் நூற்றுக்கணக்கான கார் சார்ஜர்களைப் பொருத்தினார்கள். தெருவைத் தோண்டவில்லை, புதிய இணைப்பு இழுக்கவில்லை. விளக்கில் சேமித்த ஆம்பியர், கீழே நிற்கும் காருக்குப் போகிறது.

கம்பத்து சார்ஜர் இன்னொரு காரணத்துக்காகவும் முக்கியம். சொந்த வீடும் கார் நிறுத்த இடமும் உள்ளவருக்குத்தான் இதுவரை சொன்ன தள்ளுபடியும் இரவுக் கட்டணமும் பயன்படும். அடுக்குமாடியில் வாடகைக்கு இருப்பவர் எங்கே செருகுவார்? அவர் கட்டும் மின் கட்டணத்திலிருந்து விலை உயர்ந்த காருக்குத் தள்ளுபடி போகிறது என்றால் அது எனக்கு ஒப்பவில்லை. ஊர்ச் சொத்து என்று சொல்லிக்கொள்ளும் நிறுவனத்துக்கு அது அழகும் இல்லை. இதைச் சில நகரங்கள் உணர்ந்திருக்கின்றன. சியாட்டில் சிட்டி லைட் நடைபாதை ஓரங்களில் சார்ஜர் வைக்கிறது. பர்லிங்டன், பழைய மின்கார்களுக்கும் மின் சைக்கிள்களுக்கும் தள்ளுபடி தருகிறது. வருமானம் குறைந்தவர்களுக்குக் கூடுதலாகத் தருகிறது.

கையில் இருக்கும் கட்டுகள்

ஊருக்குச் சொந்தம் என்பதால் ஊர் நினைத்ததெல்லாம் நடக்கும் என்றும் இல்லை. ஆஸ்டின் இதற்குச் சரியான சாட்சி. சேமிப்பில் பெயர் எடுத்த அந்த நகரம், ஃபாயெட் நிலக்கரி மின் நிலையத்தின் இரண்டு அலகுகளில் பாதிப் பங்கை வைத்திருக்கிறது. 2022 இறுதிக்குள் வெளியேற நினைத்தது. கூட்டாளியோடு உடன்பாடு எட்டவில்லை என்று 2021இல் அறிவித்தது. இல்லினாயின் நேப்பர்வில் தன் மின்சாரத்தை வாங்கும் நகரக் கூட்டமைப்புக்கு, 2012இல் இயங்கத் தொடங்கிய பிரெய்ரி ஸ்டேட் என்ற பெரிய நிலக்கரி நிலையத்தில் பங்கு உண்டு. ஒப்பந்தம் 2035 வரை. அதை 2055 வரை நீட்டிக்கும்படி கூட்டமைப்பு கேட்டபோது, ஊரில் அது பெரிய விவாதமானது. இப்படிப்பட்ட நீண்டகால ஒப்பந்தங்களில் சேமித்தாலும் முழுப் பலன் கைக்கு வருவதில்லை. நிலையத்தின் கடனுக்கான பங்கு, மின்சாரத்தை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் கட்ட வேண்டியதாக இருக்கும். டென்னசி பள்ளத்தாக்கு ஆணையத்திடம் வாங்கும் 153 உள்ளூர் நிறுவனங்களில் பெரும்பாலானவை 20 ஆண்டு ஒப்பந்தத்தில் இருக்கின்றன. சொந்தமாக உற்பத்தி செய்துகொள்ள அவற்றுக்குக் கிடைத்திருக்கும் இடம் சுமார் ஐந்து சதவீதம்.

மத்திய அரசின் உதவியும் வந்த வேகத்தில் வடிகிறது. 2022ஆம் ஆண்டுச் சட்டம், வருமான வரி கட்டாத நகர நிறுவனங்களும் வரிச் சலுகையை ரொக்கமாகப் பெற வழி செய்தது. மின்கார் வாங்குவோருக்கான 7,500 டாலர் சலுகையோ, 2025இல் வந்த சட்டத்தால் அதே ஆண்டு செப்டம்பர் 30ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. வீட்டு சார்ஜருக்கான சலுகைக்கு 2026 ஜூன் 30 கெடு. எஞ்சியிருக்கும் கருவி ஊர் மன்றமே தீர்மானிக்கும் நேரக் கட்டணம்தான்.

அந்த நேரமும் ஓர் இடத்தில் நிற்பதில்லை. இரவில் ஏற்றுங்கள் என்ற அறிவுரை, இரவில் மின்சாரம் மலிவு என்ற காலத்தில் பிறந்தது. கலிஃபோர்னியாவில் வசந்த கால நண்பகலில் சூரிய மின்சாரம் வழிந்து வீணாகிறது. மாநிலத்தின் பெரும்பகுதியில் மின் கட்டமைப்பை இயக்கும் அமைப்பு 2024இல் மட்டும் சூரியனும் காற்றும் தந்திருக்கக்கூடிய சுமார் 340 கோடி யூனிட்டை எடுக்காமல் நிறுத்திவைத்தது. தொடக்கத்தில் போட்ட கணக்குப்படி, ஒன்பது லட்சத்துக்கும் அதிகமான கார்களை ஓராண்டு ஓட்ட அது போதும். ஆனால் நண்பகலில் கார் வீட்டில் இல்லை, அலுவலக வாகன நிறுத்தத்தில் நிற்கிறது. அங்கே சார்ஜர் வைப்பது யார் செலவு, நிலத்தின் சொந்தக்காரருடையதா, முதலாளியுடையதா, ஊருடையதா என்ற பேரம் கலிஃபோர்னிய நகரங்களில் இப்போது நடந்துகொண்டிருக்கிறது.